யாழ்ப்பாணத்தில் முதல் வீடு: கைக்கெட்டும் விலையில் ஓர் அயலைத் தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் முதன்முறையாக வீடு வாங்க முற்படும் குடும்பங்கள் பெரும்பாலும் வீட்டைப் பார்த்தே முடிவெடுக்கின்றன. விறாந்தையின் அகலம், மாபிள் தரை, முற்றத்து மாமரம் ஆகியவை மனத்தைப் பிடித்துவிட்டால் மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆனால் கூரையை மாற்றலாம், சுவரை இடித்துக் கட்டலாம், தரையை உயர்த்தலாம். கிணற்று நீரின் தன்மையையும், ஒழுங்கையின் அகலத்தையும், மாரியில் வெள்ளம் ஓடும் திசையையும் வாங்கியவர் தமது பணத்தால் மாற்றிவிட முடியாது. ஆகவே அயலை முதலிலும் வீட்டை அதற்குப் பின்னும் தேர்ந்தெடுப்பதே முறை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு கேள்வியைச் சுற்றியே அமைகிறது: இந்த இடம் ஏன் மலிவாக இருக்கிறது? மலிவுக்குக் காரணம் இல்லாத காணி யாழ்ப்பாணத்தில் இல்லை. அந்தக் காரணம் நகரத்திலிருந்துள்ள தூரமாக இருக்கலாம். அந்த இடத்தைப் பற்றி ஊர் பேசும் பேச்சாக இருக்கலாம். நிலத்திலும் நீரிலும் உள்ள குறையாக இருக்கலாம். உறுதியில், அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தில், உள்ள சிக்கலாகவும் இருக்கலாம். முதல் இரண்டும் வாங்குபவருக்குச் சாதகமானவை, ஏனெனில் தூரத்தைப் பழகிக்கொள்ளலாம், ஊர்ப்பேச்சு காலத்தோடு மாறும். பின்னைய இரண்டும் எவ்வளவு விலை குறைத்தாலும் ஏற்கத்தக்கவை அல்ல.

முதலாவது படி: கையிலுள்ள பணத்தை அல்ல, முழுச் செலவையும் கணக்கிடுங்கள்

காணி விலையைப் பரப்புக் கணக்கில் சொல்வது இங்குள்ள வழக்கம். வீட்டு வளவுகளில் 1 பரப்பு என்பது 18 குழி அல்லது 10 பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 2,722 சதுர அடி. 16 பரப்பு 1 ஏக்கர். வயற்காணிகளில் வழங்கும் நெற்பரப்பின் அளவு இதனின்றும் வேறுபட்டது என்பதால், விலையை ஒப்பிடும்போது பேர்ச்சஸுக்கு மாற்றி ஒப்பிடுவதே குழப்பம் தராது. கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ உதவும் உறவினருக்கும் அந்த அளவே விளங்கும்.

சொல்லப்படும் விலைக்கு மேல் வரும் செலவுகளில் முதன்மையானது முத்திரை வரி. முதல் 1 இலட்சம் ரூபாவுக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் என்ற கணக்கில், 1 கோடி ரூபா பெறுமதியான சொத்துக்கு 399,000 ரூபா முத்திரை வரியாகச் செல்லும். இதனை வாங்குபவரே செலுத்துவது வழக்கம். உறுதியை எழுதும் நொத்தாரிசின் கட்டணம், காணிப் பதிவகத்தில் செய்யும் தேடலுக்கான செலவு, நில அளவையாளரின் கட்டணம், தரகருக்கான பணம் ஆகியவை இதற்குப் புறம்பானவை. பழைய வீடானால் குடிபுகுமுன் கூரை, மின்னிணைப்பு, மலசலகூடம் ஆகியவற்றுக்கு ஒரு தொகையை இப்போதே ஒதுக்கிவைக்க வேண்டும்.

வங்கிக் கடனைப் பொறுத்தவரை, வங்கி எவ்வளவு தரும் என்பதை உங்கள் எல்லையாகக் கொள்ளாதீர்கள். 50 இலட்சம் ரூபாவை 20 ஆண்டுகளுக்கு 12 வீத வட்டியில் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 55,000 ரூபா. வட்டி 15 வீதமானால் அது ஏறத்தாழ 65,800 ரூபாவாகும். மாறும் வட்டியில் கடன் பெற்றவர்கள் 2022 ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டார்கள்: அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. எனவே எத்தனை ஆண்டுகளுக்கு வட்டி நிலையானது, அதன் பிறகு எந்த அடிப்படையில் மாறும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதியில் 10 ஆண்டுகளுக்கு மேல் பங்களித்தவர்கள், உரிய நிபந்தனைகளுக்கு அமைய, தமது மீதியில் 30 வீதம் வரை வீட்டுத் தேவைக்காக முன்கூட்டியே பெறும் வாய்ப்பும் உண்டு. வட்டியில்லாத இந்தப் பணத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பணத்தில் பெரும்பகுதியை வெளிநாட்டிலுள்ள அண்ணனோ அக்காவோ தருவதால் உறுதியையும் அவர் பெயரில் எழுதலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர்களுக்குக் காணியைக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. இலங்கைக் குடியுரிமையை இழந்து, இரட்டைக் குடியுரிமையும் பெறாத உறவினர் இச்சட்டத்தின் முன் வெளிநாட்டவரே.

இரண்டாவது படி: ஊரைத் தேர்வதற்கு முன் வீதியைத் தேருங்கள்

யாழ்ப்பாண நகரிலிருந்து வெளியே செல்லும் பெருவீதிகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு காணிச் சந்தையைக் கொண்டுள்ளன. கண்டி வீதி அரியாலை ஊடாக நாவற்குழி, கைதடிக்குச் செல்கிறது. பருத்தித்துறை வீதியில் கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி வருகின்றன. பலாலி வீதியில் திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய். காங்கேசன்துறை வீதியில் கொக்குவில், இணுவில், சுன்னாகம். மானிப்பாய் வீதியில் ஆனைக்கோட்டை, மானிப்பாய். உங்கள் வேலைத்தலம், பிள்ளைகளின் பாடசாலை, பெற்றோர் இருக்கும் வீடு, அடிக்கடி செல்லும் கிளினிக் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துப் பார்த்தால் இரண்டு வீதிகளுக்கு மேல் பொருந்தாது. அந்த இரண்டு வீதிகளிலேயே தேடலை நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்து திசைகளில் தேடுபவர் எந்தத் திசையின் விலையையும் சரியாக அறிந்துகொள்வதில்லை.

நகரத்தின் மையமும், நல்லூரும், சுண்டுக்குளியும் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரின் கைக்கு எட்டாதவை. பெயர்பெற்ற பாடசாலைகளும் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலும் அங்கு விலையை உயர்த்தி வைத்திருக்கின்றன. வெளிநாட்டுப் பணமும் அங்கேதான் முதலில் வந்து சேர்கிறது. திருநெல்வேலியின் நிலை சற்று வேறானது. பல்கலைக்கழகத்தின் காரணமாக அங்கு அறைகளுக்கும் அனெக்ஸ்களுக்கும் எப்போதும் கேள்வி இருப்பதால், விற்பவர் எதிர்கால வாடகை வருமானத்தையும் சேர்த்தே விலை சொல்கிறார். மேல்மாடியை வாடகைக்கு விடும் எண்ணம் இருப்பவர் அந்த விலையைக் கொடுக்கலாம். அமைதியாகக் குடியிருக்க மட்டும் விரும்புபவர் தமக்குத் தேவையற்ற ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறார்.

கொக்குவில், கோண்டாவில், இணுவில் ஆகிய இடங்களுக்குப் பேருந்தோடு புகையிரதமும் உண்டு. போரினால் நின்றுபோன யாழ்தேவி 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் மீண்டும் ஓடத் தொடங்கியது. இருந்தாலும் அன்றாடம் வேலைக்குச் சென்றுவர இங்குள்ள புகையிரத நேரங்கள் எல்லோருக்கும் உதவும் என்று சொல்ல முடியாது. நிலையத்துக்கு அருகில் என்ற விளம்பரத்துக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்; நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதேபோல, கடவைக்கு அப்பால் இருக்கும் ஒழுங்கையில் வாழ்வது எப்படியென்று ஒரு காலைவேளையில் நின்று பார்ப்பதும் நல்லது.

என் கணிப்பில், முதல் வீடு வாங்குபவர் இன்று கூர்ந்து பார்க்க வேண்டியவை நகரத்தை ஒட்டிய இரண்டாவது வளையத்து ஊர்கள்: ஆனைக்கோட்டை, சுதுமலை, தாவடி, இணுவிலின் உட்பகுதி, இருபாலை, கோப்பாய். பெருவீதியிலிருந்து அரை மைல் உள்ளே சென்றாலே விலை இறங்கிவிடுகிறது. சைக்கிளில் ஐந்து நிமிடம் என்பதே அந்த இறக்கத்தின் காரணம். நாவற்குழியும் கைதடியும் கண்டி வீதியில் இருப்பதால் போக்குவரத்தில் குறையில்லை, ஆனால் கடல்நீரேரியின் கரையோரப் பகுதிகளில் நிலத்தையும் நீரையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

நிர்வாக எல்லையையும் கவனத்தில் கொள்ளுங்கள். திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் ஆகியவை நகரமாகவே தோன்றினாலும் யாழ்ப்பாண மாநகர சபைக்குள் அல்ல, நல்லூர் பிரதேச சபைக்குள் வருகின்றன. சோலைவரி (சபைக்குச் செலுத்தும் ஆதன வரி), கட்டட அனுமதி, குப்பை அகற்றல், வீதி விளக்கு, ஒழுங்கை திருத்தம் ஆகிய எல்லாவற்றுக்கும் நீங்கள் செல்ல வேண்டிய கந்தோர் இதனால் மாறுகிறது.

மூன்றாவது படி: நிலத்தையும் நீரையும் இரண்டு பருவங்களில் பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டவர்களே பிற்காலத்தில் அதிகம் செலவழிக்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லின் மேல் பெய்யும் மழை கீழிறங்கி நன்னீராகத் தேங்குகிறது. அதன் அடியிலும் ஓரங்களிலும் உவர்நீர் இருக்கிறது. எனவே ஒரு வளவின் பெறுமதியில் பாதி அதன் கிணற்றில் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

மாரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறே. கிணற்றை ஆவணி, புரட்டாதியில், மழைக்கு முன்னர், நீர் கீழே இறங்கியிருக்கும்போது பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் நீரைக் குடித்துப் பாருங்கள், தேநீர் வைத்துப் பாருங்கள், பக்கத்து வளவுகளில் இரண்டு மூன்று வீட்டாரிடம் குடிக்க எந்த நீரைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். குளிக்கக் கிணறு, குடிக்கக் கான் தண்ணீர் என்று பதில் வந்தால் உங்களுக்குத் தேவையான தகவல் கிடைத்துவிட்டது. குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோரப் பகுதிகளில் உவர்ப்பு முக்கியமான கேள்வி. உள்நாட்டுச் செம்பாட்டு நிலங்களில் உவர்ப்புக் குறைவு, ஆனால் அங்கு வேறொரு பிரச்சினை உண்டு. தோட்டங்களுக்கு இடும் உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீரில் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்கிறது. இதற்கு நிறமோ சுவையோ இல்லை, கொதிக்கவைத்தாலும் போகாது, கைக்குழந்தை உள்ள வீட்டில் இது அலட்சியம் செய்யக்கூடியதல்ல. ஆகவே கண்ணாடிபோலத் தெளிந்த நீரானாலும் ஆய்வுகூடத்தில் கொடுத்து நைத்திரேற்று, உவர்ப்பு, மலக்கிருமி ஆகியவற்றுக்குப் பரிசோதிப்பது அவசியம். சுன்னாகத்தை அண்டிய பகுதியில் பார்ப்பவர்கள், அங்குள்ள கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2019 இல் இழப்பீட்டுத் தீர்ப்பில் முடிந்ததையும் நினைவில் வைத்து, எண்ணெய்க்கான பரிசோதனையையும் சேர்த்துக் கேட்கலாம்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள், உங்கள் வளவுக்குள் மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் அயலவரின் மலக்குழி எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து. 50 அடி என்ற இடைவெளியே பொதுவாக எதிர்பார்க்கப்படுகிறது; 2 பரப்புக்கும் குறைவான துண்டுகள் வரிசையாக இருக்கும் இடத்தில் அது கிடைப்பது அரிது, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே கழிவுநீர் அதற்கும் அப்பால் செல்லக்கூடும். தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை வழங்கும் வகையில் அமைக்கப்பட்டது. அதனால் குழாய்நீர் ஒரு உண்மையான மாற்றாகி வருகிறது. ஆனால் உங்கள் ஒழுங்கையில் குழாய் பதிக்கப்பட்டிருக்கிறதா, அயலவர் வீட்டில் மீற்றர் இருக்கிறதா, எந்த நேரத்தில் நீர் வருகிறது என்பனதான் உங்களுக்கு வேண்டிய விடைகள். குழாய் வரப்போகிறது என்று தரகர் சொல்வதற்கு விலை கொடுக்க வேண்டாம்.

இனி வெள்ளம். கார்த்திகையிலும் மார்கழியிலும் வடகீழ்ப் பருவமழை பெய்யும்போது, முடிந்தால் மழை விட்ட மறுநாள் காலையில், அந்த ஒழுங்கைக்குள் நடந்து செல்லுங்கள். முழங்கால் தண்ணீரில் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்கிறார்களா, எந்த வளவின் மதிலில் நீர்மட்டத்தின் கறை இருக்கிறது, எந்த வீட்டின் வாசற்படி மற்றவற்றைவிட உயர்த்திக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்த வெள்ளத்தையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் அவ்விடத்தில் வாழ்ந்தவர்கள் துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு நாட்களிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டால் சுவரில் கைவைத்துக் காட்டுவார். பொம்மைவெளி போன்ற தாழ்வான பகுதிகளில் மலிவுக்குக் காரணம் இதுவே. குளம், தரவை, வெள்ளவாய்க்கால் ஆகியவற்றை நிரப்பி உருவாக்கிய துண்டுகளில் புதுமண் போடப்பட்டிருக்கும். சுற்றியுள்ள நிலத்தைவிட அந்தத் துண்டு மட்டும் உயர்ந்திருப்பதும், அங்கு பழைய பனையோ வேம்போ ஒன்றுகூட இல்லாதிருப்பதும் அதற்கு அடையாளம். வயற்காணியை நிரப்பிக் கட்டுவதற்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக் கடிதம் இல்லாமல் வீட்டுக்காணி என்று விற்கப்படுவதை, எவ்வளவு மலிவானாலும், விட்டுவிடுங்கள்.

இரண்டு பருவங்களையும் காத்திருந்து பார்க்க முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: நீங்கள் விரும்பும் ஊரில் ஒரு மாரிகாலத்துக்கு வாடகைக்கு இருந்து பாருங்கள். கொடுக்கும் வாடகை வீண்செலவு போலத் தோன்றினாலும், தவறான இடத்தில் வீடு வாங்குவதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

நான்காவது படி: ஒழுங்கையை அளந்து பாருங்கள்

பெருவீதிக் காணிக்கும் ஒழுங்கைக் காணிக்கும் இடையிலான விலை வேறுபாடே நடுத்தரக் குடும்பம் நுழையக்கூடிய வாசல். ஆனால் எல்லா ஒழுங்கையும் ஒன்றல்ல. டிப்பர் உள்ளே வர முடியாத குச்சொழுங்கையில் கல்லையும் மணலையும் முகப்பில் பறித்து, கூலி கொடுத்து உள்ளே சுமக்க வேண்டும். மலக்குழி நிரம்பும்போது கழிவகற்றும் பவுசர் வராது. நோயாளிக்கு அம்புலன்ஸ் வராது. ஆகவே ஒழுங்கையின் மிகக் குறுகிய இடத்தை அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். முகப்பில் அகலமாகத் தொடங்கி நடுவில் ஒரு மதிலால் ஒடுங்கும் ஒழுங்கைகள் இங்கு ஏராளம்.

அந்த ஒழுங்கை யாருடையது என்பதும் முக்கியம். பிரதேச சபையின் பதிவிலுள்ள பொது ஒழுங்கையா, பின்காணிக்காரருக்கு விடப்பட்ட தனியார் வழியா? தனியார் வழியானால் உங்கள் உறுதியிலும் நில அளவைப் படத்திலும் வழிவாய்க்கால் உரித்து அகலத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். பங்குக் கிணறானால் கிணற்றுப் பங்கும், நீரள்ளச் செல்லும் வழியும் அவ்வாறே. "நாங்கள் காலங்காலமாக இதாலைதான் போய் வாறம், ஒருதரும் மறிக்கேல்லை" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மறிக்காதிருந்தவர் வெளிநாட்டிலுள்ள மகனுக்குக் காணியை எழுதிவிட்டால், அந்த மகன் மதில் கட்டும்போது உங்களிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது.

ஐந்தாவது படி: உறுதியை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சட்டத்தரணி வாசிப்பார் என்று இதை முழுமையாக அவரிடம் விட்டுவிடக்கூடாது. முற்பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதியின் பிரதியைக் கேட்டு வாங்கி, காணியின் பெயர், பரப்பளவு, நான்கு எல்லைகளிலும் உள்ளவர்களின் பெயர்கள் ஆகியவற்றை நீங்களே நேரில் சென்று ஒப்பிட வேண்டும். உறுதியில் 3 பரப்பு என்றிருக்கும் காணி, அளந்து பார்க்கும்போது இரண்டே முக்கால் பரப்பாக இருப்பது இங்கு வழமை. கதியால் வேலி ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்த கதை அது. ஆகவே அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து, எல்லைக்கல் நட்டு, அளந்த பரப்புக்கு மட்டுமே பணம் கொடுங்கள்.

பிறகு உரித்து. வடக்கின் தமிழர்களுக்கு அவர்களின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பொருந்துவதால், ஒருவர் பெயரில் உறுதி இருப்பதால் மட்டும் அவர் தனித்து விற்கலாம் என்று முடிவுகட்ட முடியாது. அந்தச் சொத்து விற்பவருக்குப் பரம்பரைச் சொத்தான முதுசமாக வந்ததா, சீதனமாக வந்ததா, திருமணத்தின் பின் தேடிய தேட்டமா என்பதை முதலில் அறியுங்கள். தேடியதேட்டத்தில் துணைவருக்கும் பங்குண்டு. மனைவி இறந்துபோயிருந்தால் அவரது அரைப்பங்கு வாரிசுகளுக்குச் சென்றிருக்கக்கூடும், அப்போது தந்தை மட்டும் இடும் கையெழுத்து முழுக்காணியையும் உங்களுக்குத் தராது. தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தனது அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்ற விதி, இன்றைய காலத்துக்குப் பொருந்தாததாகப் பலருக்குத் தோன்றினாலும், நடைமுறையில் இருக்கிறது. பலருக்குப் பொதுவான காணியில் பிரிபடாத பங்கு விற்கப்படும்போது உடன்பங்காளர்களுக்கும் விற்பவரின் வாரிசாகக்கூடியவர்களுக்கும் மற்றவர்களுக்கு முன்னர் வாங்கும் உரிமை உண்டு; 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்துகிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் நடக்கும் விற்பனையை அவர்கள் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். முதல் வீடு வாங்குபவருக்கு என் ஆலோசனை, பிரிபடாத பங்கை வாங்கவே வேண்டாம் என்பதுதான். அரைவாசி விலைக்குக் கிடைத்தாலும், பங்கு பிரிக்கும் வழக்கு முடியும்போது பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள்.

யாழ்ப்பாணத்து விற்பனைகளில் பெரும்பகுதி வெளிநாட்டில் வசிப்பவர்களின் சொத்து. அவர்களுக்காக ஒருவர் அற்றோணித் தத்துவத்தை, அதாவது தம் சார்பில் செயற்பட அவர்கள் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை, கொண்டு கையெழுத்திடுவார். அந்தத் தத்துவம் குறிப்பிட்ட காணியை விற்கும் அதிகாரத்தைத் தருகிறதா, அல்லது பராமரிக்கவும் வாடகை அறவிடவும் மட்டுமா என்று வரிவரியாக வாசியுங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் தத்துவமும் செயலிழக்கும். எனவே கைமாற்றும் நாளில் அவரோடு காணொளியில் பேசி, அடையாளத்தை உறுதிசெய்து, விலையை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்வது மரியாதைக் குறைவான செயல் அல்ல. நேர்மையானவர் அதை எதிர்பார்ப்பார்.

காணிப் பதிவகத்தில் சட்டத்தரணி செய்யும் தேடல் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிச் செல்ல வேண்டும், ஏனெனில் இடப்பெயர்வுக் காலத்தில் எழுதப்பட்ட உறுதிகளையும் அது தொட வேண்டும். ஈடு (அடமானம்), வழக்கு, சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெற்றோர் பிள்ளைக்கு நன்கொடையாக எழுதும்போது தமக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொள்வது இங்கு பரவலான வழக்கம். அவர்கள் உயிரோடிருந்தால் அவர்களும் கையெழுத்திட வேண்டும். முன்னுறுதி எதுவும் இல்லாமல், பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆண்டு வருகிறேன் என்று ஒருவர் தாமே எழுதிக்கொண்ட உறுதியை மட்டும் காட்டினால், அந்தப் பத்து ஆண்டுகளில் உண்மையான உரிமையாளர் எங்கே இருந்தார் என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்கான விடை பெரும்பாலும் ஒரு வெளிநாட்டு நகரத்தின் பெயராக இருக்கும், அவருடைய பிள்ளைகள் ஒருநாள் வரவும்கூடும். அரச அனுமதிப்பத்திரக் காணிகளும் கோயில் காணிகளும் மலிவாகப் பேசப்படுவதுண்டு. அவற்றைச் சாதாரண உறுதிக்காணி போல விற்க முடியாது, வங்கியும் அவற்றை எளிதில் ஈடாக ஏற்காது. உண்மையில், கடன் தேவையில்லாதவரும் தாம் வாங்கவிருக்கும் காணிக்கு ஒரு வங்கி கடன் தருமா என்று விசாரித்துப் பார்க்கலாம். வங்கியின் சட்டத்தரணி மறுத்தால், அந்த மறுப்புக்கு எழுத்தில் காரணம் கேளுங்கள்.

ஆறாவது படி: சபையின் கந்தோருக்குச் செல்லுங்கள்

மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ வீதிக்கோட்டுச் சான்றிதழையும், காணி சபைக்கு உரித்தாக்கப்படவில்லை என்ற சான்றிதழையும் பெறுங்கள். வீதி அகலிப்புக் கோடு உங்கள் முற்றத்தை வெட்டிச் செல்லுமானால் அந்தப் பகுதிக்கு நீங்கள் வீட்டுக்காணி விலை கொடுக்கக்கூடாது. கட்டிய வீடானால் அனுமதிபெற்ற வரைபடமும் குடிபுகு சான்றிதழும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அனுமதியில்லாமல் பின்னால் இறக்கிய சமையலறைகளும் மேல்மாடிகளும் ஏராளம். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளின்படி புதிதாகப் பிரிக்கும் துண்டு பொதுவாக 6 பேர்ச்சஸுக்குக் குறையக்கூடாது என்பதால், அதைவிடச் சிறிய துண்டை மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் கட்ட அனுமதி கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். சோலைவரி நிலுவை இருந்தால் விற்பவரே தீர்க்க வேண்டும்.

ஏழாவது படி: அயலவரை அறியுங்கள்

"ஆக்கள் எப்படி?" என்பது யாழ்ப்பாணத்தில் காணி பார்க்கும் எவரும் கேட்கும் கேள்வி. இதற்குக் கிடைக்கும் பதிலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரவில் குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறார்களா, களவு உண்டா, வேலிச் சண்டை நீதிமன்றத்தில் இருக்கிறதா என்பன உண்மையான தகவல்கள். அவற்றைக் கிராம அலுவலரிடமும் கடைக்காரரிடமும், பின்னேரத்திலும் இரவு ஒன்பது மணிக்கும் நேரில் சென்றும் அறிந்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பதிலில் பெரும்பகுதி சாதியைப் பற்றியதே என்பதை மறைப்பதில் பயனில்லை. நல்ல கிணறும் அகலமான ஒழுங்கையும் தெளிவான உறுதியும் இருந்தும், அங்கு யார் வாழ்கிறார்கள் என்ற பேச்சால் மட்டும் விலை குறைந்திருக்கும் இடங்கள் நகரைச் சுற்றி உண்டு. அந்தப் பேச்சுக்குத் தலைசாய்ப்பவர், குறைந்த வசதியுள்ள இடத்துக்குக் கூடிய விலை கொடுக்கிறார். அப்படிப்பட்ட அயல்களில் அமைதியாக வாழும் குடும்பங்கள் பல. முதல் வீடு வாங்குபவருக்கு இது நியாயமான வாய்ப்பு என்றே நான் கருதுகிறேன்.

பாடசாலையை எண்ணி இடம் தேடுபவர்கள் காலத்தையும் எண்ண வேண்டும். முதலாம் தரத்துக்கான அனுமதியில் அருகில் வசிப்போருக்கான பிரிவு, வாக்காளர் இடாப்பில் தொடர்ச்சியாக உள்ள ஆண்டுகளையும் வதிவிடச் சான்றுகளையும் கொண்டு புள்ளியிடுகிறது. பிள்ளைக்கு நான்கு வயதாகும்போது பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு வாங்கி, அதற்காக இரட்டிப்பு விலை கொடுப்பதால் எதிர்பார்த்த இடம் கிடைப்பது உறுதியல்ல.

எட்டாவது படி: விலையும் முற்பணமும்

அதே ஒழுங்கையில் கடந்த ஓராண்டில் கைமாறிய காணிகளின் விலையை இரண்டு தரகர்களிடமும் ஓர் அயலவரிடமும் தனித்தனியே கேளுங்கள். மூன்றில் மிகக் குறைந்ததிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். ஆடி, ஆவணியில், நல்லூர்த் திருவிழாவுக்கும் விடுமுறைக்கும் வெளிநாட்டிலிருந்து உறவுகள் வந்து நிற்கும்போது விற்பவர்கள் இறங்கிவருவதில்லை. மழை தொடங்கிய பின் பேசுபவருக்கு வெள்ளத்தையும் பார்க்கலாம், விலையையும் குறைக்கலாம்.

முற்பணத்தை வாய்வார்த்தையை நம்பியோ வெறும் பற்றுச்சீட்டுக்கோ கொடுக்க வேண்டாம். 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனைக்கான உடன்படிக்கையும் நொத்தாரிசின் முன் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்டால் மட்டுமே சட்டத்தில் செல்லுபடியாகும். அந்த உடன்படிக்கையில் இறுதி விலை, கைமாற்றும் திகதி, வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முற்பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனை, விற்பவர் பின்வாங்கினால் கொடுக்க வேண்டிய தொகை ஆகியவை இருக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். முத்திரை வரியைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்: பிற்காலத்தில் வழக்கென்று வந்தால், நீங்கள் கொடுத்ததாக நிரூபிக்கக்கூடியது உறுதியில் எழுதிய தொகையை மட்டுமே.

ஒன்பதாவது படி: உறுதி எழுதிய பின்

உறுதியில் கையெழுத்திட்ட அன்றே வேலை முடிந்துவிடவில்லை. ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் எழுதப்பட்டால், 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, நேர்மையாக முதலில் பதிவுசெய்தவருக்கே முன்னுரிமை கிடைக்கக்கூடும். ஆகவே பதிவு எண்ணோடு மூல உறுதி கைக்கு வரும்வரை நொத்தாரிசிடம் தொடர்ந்து விசாரியுங்கள். பிறகு சோலைவரி இடாப்பில் உங்கள் பெயரை மாற்றுங்கள், மின்சாரக் கணக்கை உங்கள் பெயருக்கு எடுங்கள், கிராம அலுவலரிடம் சென்று அடுத்த வாக்காளர் மீளாய்வில் புதிய முகவரியில் பதிந்துகொள்ளுங்கள். எல்லைக்கற்கள் நான்கையும் இரண்டு பக்கத்து அயலவரும் நிற்கும்போது படமெடுத்து, அளவைப் படத்தின் பிரதியோடு சேர்த்து வைத்த பிறகு மதில் வேலையைத் தொடங்கலாம்.